மலையில் ஒரு தனியிரவு

தனியொருவன் மூட்டை முடிச்சுடன் மலைமீதேறுகின்றான். வெட்ட வெளியில் ஓரிரவு படுத்துறங்குகின்றான். பொழுது புலர்ந்ததும் இறங்கி வந்து, தான் கண்டதையும் எண்ணியதையும் நூலாக எழுதுகின்றான். இவ்வகை நூல்கள் மேனாட்டு மொழிகளில் இன்று மலிந்து கிடக்கின்றன. இவற்றை நாம் ஏன் படித்தல் வேண்டும்? படிப்பதால் நமக்குறும் பயன் யாது?

இவ்வினாவை நம்முன் வைத்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நண்பரொருவர். ஸ்காத்லாந்து ஆசிரியராகிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றை அவருக்குப் படிக்கக் கொடுத்திருந்தோம். பிரஞ்சு தேசத்துச் செவென் மலைகளில் ஒரு கழுதையுடன் தாம் நடந்துசென்ற வரலாற்றை ஸ்டீவன்சன் அதில் எழுதியிருக்கின்றார். நூலைத் திருப்பிக் கொடுக்கையில் நண்பர் சொன்னது இது: “ஐயா, என் பாட்டனும் பாட்டியும் கோழி கூவுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், இருள் பிரியாத பால்மரக் காட்டுக்குள் தனித்தனியே நடந்தார்கள். அதை இன்பமென்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. வயிற்றுக் கவலையில்லாத ஒருவன் காட்டில் தனியே படுத்துவிட்டு வந்து கதை சொன்னால், அது இலக்கியமாகிவிடுமோ?”

இக்கேள்வியைக் கேட்டுச் சிரித்து ஒதுக்குவாரும் உளர். ‘இலக்கியச் சுவை அறியாதவர்’ என்று நண்பர்மீது பழி சுமத்துவாரும் உளர். நாம் அவ்வாறு செய்ய ஒருப்படோம். யார் உழைப்பின்மேல் நின்று இன்பம் பேசப்படுகின்றது என்று கேட்பது நியாயமான கேள்வி. அதனைக் கேட்கும் உரிமை உழைத்தவருடைய பேரனுக்கு நிரம்ப உண்டு. ஆயினும், கேள்விக்கு விடையை நூலுக்கு வெளியே தேடுதல் முறையன்று. நூலையே திறந்து, அது தன் கணக்கைத் தானே எவ்வாறு காட்டுகின்றது என்று பார்ப்போம்.

‘புதையல் தீவு’ என்னும் கதையால் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய ஸ்டீவன்சன், 1878-ஆம் ஆண்டில் இருபத்தெட்டு வயது நிரம்பாத இளைஞர். நூல்கள் எழுதத் தொடங்கியிருந்தாரெனினும் பெயரும் பொருளும் இன்னும் கைகூடவில்லை. நெஞ்சு நோயால் நலிந்த உடல். சமயக் கொள்கை காரணமாகப் பெற்றோருடன் மனத்தாங்கல். அவர் காதலித்த பானி ஆஸ்பர்ன் என்னும் அம்மையார் அவ்வாண்டுதான் அமெரிக்கா திரும்பியிருந்தார். இந்நிலையில், செப்டம்பர் மாதத்தில், மொனாஸ்தியே என்னும் சிற்றூரினின்று புறப்பட்டுப் பன்னிரண்டு நாட்கள் தெற்கு நோக்கி நடந்து, சான் ஜான் து கார் என்னுமிடத்தில் தம் பிரயாணத்தை முடித்தார். ஆகவே, இவர் பொழுது போகாது மலையேறிய சீமான் என்னும் எண்ணம் முழுவதும் பொருந்தாது. மனப்புண்ணுடன் நடந்தவர் என்பதே உண்மை. ஆனால், மனப்புண் உடையவரெல்லாம் இரண்டு வாரம் நடந்து திரிய இயலுமோ என்று நம் நண்பர் திருப்பிக் கேட்பாராயின், அதற்கும் நாம் தலைவணங்கவே வேண்டும்.

இனி நூலின் கணக்கைப் பார்ப்போம். கூடாரம் தூக்குவதும் அடிப்பதும் தொல்லை. மேலும், வழிப்போக்கருக்கெல்லாம் ‘இங்கொருவன் படுத்திருக்கின்றான்’ என்று அது பறைசாற்றும். இவ்வாறு எண்ணி, ஸ்டீவன்சன் உறங்குவதற்கென ஒரு பையைத் தைப்பித்துக் கொண்டார். வெளியே நீர் புகாத பச்சை வண்டித்துணி. உள்ளே நீல நிற ஆட்டுரோமம். பகலில் அது பெட்டி, இரவில் கட்டில். இன்று மலையேறுவோர் முதுகில் சுமந்துசெல்லும் உறக்கப் பைக்கு இதனை முன்னோடி எனலாம். இப்பைக்கு எண்பது பிராங்கும் இரண்டு கோப்பை பீரும் செலவாயின. அதனைச் சுமக்க வாங்கிய கழுதைக்கோ அறுபத்தைந்து பிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும்! எலியின் நிறமும் நாயினும் சற்றே பெரிய உருவமும் உடைய அவ்வேழை விலங்குக்கு மொதெஸ்தீன் என்று பெயரிட்டு, இரண்டு சரக்குகளுள் இதுவே மலிவு என்று ஆசிரியர் நகையாடுகின்றார்.

வாசகர் இவ்விடத்தில் சிரிப்பர், நாமும் சிரித்தோம். ஆனால் சிரித்தபின் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். படுக்கை எண்பது, அதனைச் சுமக்கும் உயிர் அறுபத்தைந்து. இக்கணக்கை மறைத்துவிட்டு, மலையின் அழகை மட்டும் பாடியிருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்கமாட்டார். ஸ்டீவன்சன் மறைக்கவில்லை. முதற் பக்கங்களிலேயே விலைச்சீட்டை நம் கையில் கொடுத்துவிடுகின்றார். நூலின் நேர்மைக்கு இது முதற் சான்று.

இரண்டாஞ் சான்று இன்னும் கசப்பானது. மொதெஸ்தீன் நடக்க மறுத்தது. வழியில் வந்த குடியானவனொருவன் அடிக்கக் கற்றுக்கொடுத்தான். பின்னர் ஒரு விடுதிக்காரர் முள் பொருத்திய தாற்றுக்கோல் ஒன்றைச் செய்து கொடுத்தார். அடித்தபோது தம் மனம் கூசியதையும், தாற்றுக்கோல் கைக்கு வந்ததும் அக்கூச்சம் பறந்ததையும், சில நாட்களுக்குப்பின் அதன் முன்னங்கால்களின் உட்புறம் உரிந்து இரத்தம் வடிந்ததையும் அவரே எழுதுகின்றார். இறுதியில், இரண்டு நாளாவது ஓய்வு கொடுத்தாலன்றி அது நடவாது என்று குதிரைலாயக்காரன் சொல்லவே, தமக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்க்கும் அவசரத்தில், சேணத்துடன் சேர்த்து முப்பத்தைந்து பிராங்குக்கு அதனை விற்றுவிட்டு வண்டியேறினார். வண்டி நகர்ந்த பின்னரே அழுகை வந்தது. தம்மை இவ்வளவு சிறியவராகக் காட்டிக்கொள்ளப் பிரயாண ஆசிரியருள் எத்தனை பேர் துணிவர்? ஆனால், ஒப்புக்கொண்டமையாலேயே குற்றம் கழுவப்பட்டுவிடாது. அழுத கண்ணீர் கழுதைக்கு ஒரு பிடி புல்லாகவும் உதவவில்லை. இதனையும் நாம் சொல்லியே ஆகவேண்டும்.

இனி இரவுகளுக்கு வருவோம். முதலில் வெளியிற் கழித்த இரவு இன்பத்தால் வந்ததன்று. இருட்டில் வழிதப்பிச் சிற்றூரொன்றை அடைந்தார். வழிகாட்டி உதவப் பணம் தருவதாகச் சொல்லியும், வீட்டுக்காரன் வாயிற்படியைத் தாண்ட மறுத்துவிட்டான். இருட்டாயிருக்கின்றது என்பது ஒன்றே அவன் சொன்ன காரணம். ஸ்டீவன்சன் அவனைக் கோழையென்று இகழ்ந்துவிட்டு, மழையிலும் காற்றிலும் மரங்களினிடையே படுத்துக்கொண்டார். ஈண்டு நாம் ஆசிரியருடன் மாறுபடுகின்றோம். அந்நாடு ஜெவோதான். 1764 முதல் 1767 வரை ஓநாய் போன்ற கொடுவிலங்கொன்று குழந்தைகளையும் பெண்களையும் கொன்று தின்ற பூமி. அங்குள்ள குடியானவனுக்கு இரவென்பது பாட்டனும் பூட்டனும் விட்டுச்சென்ற அச்சம். நம் ஆசிரியரோ கைத்துப்பாக்கியொன்றை மூட்டையில் வைத்திருந்தவர். மறுநாள் அவ்வூரை விட்டுப் போகிறவர். போகிறவனுக்கு இருக்கும் துணிவை இருக்கிறவனிடம் எதிர்பார்ப்பது நீதியாகுமா? மூட அச்சத்தைக் களைதல் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அதனைக் களைய அறிவும் வெளிச்சமும் வேண்டும், இகழ்ச்சி உதவாது.

இரண்டாவது இரவே இந்நூலின் உயிர். லோசேர் மலை 1,699 மீட்டர் உயரமுடையது. ப்ளேமார் என்னும் ஊரைக் கடந்து, அம்மலைச் சாரலின் பைன் மரங்களினிடையே ஆசிரியர் தங்கினார். ரொட்டியும் இறைச்சியும் சாக்கலேட்டும் உணவு. அருகே சிறு நீரோடை. நள்ளிரவு கடந்து விழித்துக்கொண்டார். வீட்டுக்குள் உறங்குவோர் அறியாத நேரமொன்று இரவுக்கு உண்டென்றும், அப்பொழுது ஆடுமாடுகளும் வெளியிற் படுத்திருப்போரும் ஒருங்கே விழித்துச் சிறிது நேரம் விண்மீன்களைப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்குவர் என்றும் அவர் எழுதுகின்றார். இதனை இயற்கை நூலார் ஒப்புவாரோ மாட்டாரோ, அறியோம். ஆனால் வெளியிற் படுத்தெழுந்த எவரும் அப்பக்கத்தைப் படிக்கையில் ‘ஆம்’ என்று தலையசைப்பர். சிகரெட்டொன்றைப் பற்றவைத்துக்கொண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் கேட்டவாறு, வீடென்பது மனிதன் அஞ்சி ஒடுங்கும் இடமோ என்று ஐயுறுகின்றார்.

அவ்வளவில் நின்றிருந்தால் அது அழகிய வருணனை மட்டுமே. அடுத்த கணத்தில் வேறொன்று நிகழ்கின்றது. தனிமையின் இன்பத்தை வாயாரப் புகழ்ந்துகொண்டிருக்கையிலேயே, அன்புக்குரிய ஒருத்தி அருகிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற ஏக்கம் எழுகின்றது. அவ்வேளையில் கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மெல்லொலி. சேவலோ நாயோ என்று முதலில் ஐயுற்றவர், பின்னர் அது பெருவழியில் நடந்துசெல்லும் யாரோ ஒருவனின் பாட்டு என்று உணர்கின்றார். மேலே ஒருவர் விழித்துக் கிடக்கின்றார். கீழே ஒருவன் பாடிக்கொண்டு நடக்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தனியிரவைப் பாட வந்த நூல், மனிதக் குரலொன்றைக் கேட்டவிடத்திற்றான் உச்சநிலை அடைகின்றது.

தமிழ் படித்தவருக்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழுதல் இயல்பு. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய பொழுது யாமம். அதற்குரிய ஒழுக்கம் புணர்தல் என்று நம் பழைய இலக்கணம் வகுத்தது. நம் பாட்டுக்களில் தலைவன் நள்ளிரவில் மலைவழியே தனித்து வருகின்றான். யானையும் புலியும் பாம்பும் உள்ள வழி. ஆனால் அவன் மலைக்காக வருபவனல்லன். மலைக்கப்பால் ஒருத்தி காத்திருக்கின்றாள். அவன் வரும் வழியின் கொடுமையை எண்ணி அவள் நெஞ்சு நடுங்குகின்றாள். காத்திருப்பார் ஒருவருமின்றி, மலையில் கிடப்பதற்காகவே மலைக்குச் செல்லும் மனிதனை நம் அகப்பாட்டு அறியாது. ஸ்டீவன்சன் தமிழறிந்தவரல்லர். எனினும் மலை, நள்ளிரவு, காதலியின் நினைவு என்னும் மூன்றும் அவர் பக்கத்திலும் ஒன்றுகூடி நிற்பது வியப்பே. வேற்றுமை என்னவெனில், அவருடைய தலைவி கடலுக்கப்பால் இருந்தாள். 1879-இல் அக்கடலையும் கடந்து சென்று, 1880-இல் அவளை மணந்துகொண்டார்.

பொழுது விடிந்ததும் அவர் செய்த செயலொன்று இந்நூலைப் படித்தோர் எவருக்கும் மறவாது. இவ்வளவு நல்ல விடுதியில் இலவசமாகத் தங்கிச் செல்லலாகாது என்று, நடந்துசெல்லும்போதே புல்தரையில் காசுகளைப் போட்டுக்கொண்டு சென்றார். அவை பணக்கார மாட்டுத்தரகன் எவன் கையிலும் சிக்காதிருக்கட்டும் என்றும் விரும்பினார். இச்செயலைக் கவித்துவமென்று போற்றுவார் பலர். நமக்கு அது போதவில்லை. புல்லின்மேல் விழுந்த காசு யாருக்குக் கூலி? மலை காசு கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள், அதாவது அம்மலையில் ஆடு மேய்ப்போர், அங்கே நிறுத்தப்படவில்லை. கொடுப்பவன் மனநிறைவு பெற்றான். பெறுபவன் முகம் மட்டும் இல்லை.

ஆனால் நூல் அங்கே முடியவில்லை. அடுத்து தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கஷ்கொட்டை மரங்களின் கீழ் இன்னோரிரவு. இம்முறை உறக்கமில்லை, எறும்பும், ஏதோ கீறும் ஒலியும், பிறர் நிலத்தில் படுத்திருக்கின்றோமே என்ற அச்சமும். காலையில் வேலைக்கு வந்த குடியானவர்களைக் கண்டதும் திருடன்போல் மூட்டை கட்டுகின்றார். சிறிது தூரம் சென்றதும் கிழவியொருத்தி எதிர்ப்பட்டுப் பிச்சை கேட்கின்றாள். விடுதிப் பணியாள் விலைச்சீட்டுடன் வந்துவிட்டான் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, ஆசிரியர் அங்கேயே தங்கற்கூலியைச் செலுத்துகின்றார். நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கின்றார். எனினும் இவ்விரண்டு காலைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முதற்காலையில் காசு மலைக்கு. இரண்டாங்காலையில் காசு மனிதனுக்கு. அழகிய இரவுக்குக் கொடுத்த கூலி ஒருவரையும் சேரவில்லை. துன்பமான இரவுக்குக் கொடுத்த கூலி பசித்தவள் கையில் சேர்ந்தது. ஆசிரியர் இதனை உணர்ந்து அமைத்தாரோ, உண்மையில் நடந்தபடியே எழுதினாரோ, எப்படியாயினும் நூலின் நீதி இவ்விடத்தில் தெளிவாகிவிடுகின்றது.

பிற்பாதி இந்நீதியை மேலும் விரிக்கின்றது. லோசேருக்குத் தெற்கே உள்ளது காமிசார்களின் நாடு. 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் புராட்டஸ்டாந்து சமயத்தாருக்கிருந்த உரிமையைப் பறித்தான். 1702 ஜூலையில், போன் த மோன்வேர் என்னும் ஊரில், புராட்டஸ்டாந்தினரைச் சிறைப்பிடித்து வதைத்த து ஷேலா என்னும் குருவை மலைக்குடிகள் கொன்றனர். அதிலிருந்து எழுந்தது பெரும் போர். அவ்வூர்களில் நடக்கையில் ஸ்டீவன்சனின் பேனா மாறிவிடுகின்றது. விண்மீனை விட்டு மனிதரைப் பார்க்கின்றது. வாளாலும் நெருப்பாலும் மாற்ற முடியாத மனச்சாட்சியை மலைமக்கள் காத்துநின்ற வரலாற்றையும், தம் காலத்தில் ப்ளோராக் நகரில் இரு சமயத்தாரும் அமைதியாக அடுத்தடுத்து வாழ்வதையும் மகிழ்ந்து எழுதுகின்றார். இதற்கு முன்னர், துறவிமடமொன்றில் தங்கியபோது, விருந்தினரிருவர் அவரைத் தம் சமயத்துக்கு மாற்ற வம்புசெய்த கதையையும் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்போர் சமயப் பொறையின் அருமையை உணர்வர்.

மலையில் மனிதரைக் காண்பதும் காணாதிருப்பதும் வெறும் நடைவேற்றுமையன்று. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை எண்ணிப் பாருங்கள். 1851-இல் படையொன்று புகுந்து அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களை விரட்டியது. 1864-இல் அப்பள்ளத்தாக்கு பொதுமக்கள் இன்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. 1890-இல் சூழ்ந்த மலைகள் தேசியப் பூங்காவாயின. விரட்டியபின் வந்தோர் ‘மனிதன் கால்படாத கானகம்’ என்று அதனைப் பாடினர். செவெனில் 1970-இல் அமைந்த தேசியப் பூங்காவோ, தன் நடுப்பகுதியிலேயே குடிகள் வாழ்ந்து, மந்தை மேய்த்து வரும் பூங்கா. ஸ்டீவன்சன் நடந்த வழி இன்று அவர் பெயராலேயே வழங்கி, ஆண்டுதோறும் பலரால் நடக்கப்படுகின்றது; கழுதையை வாடகைக்கு அமர்த்திச் செல்வோரும் உளர். ஆளற்ற மலையென்று ஒரு நூல் சொல்லுமாயின், ஆட்கள் எங்கே போயினர் என்று கேட்பது வாசகர் கடமை.

இந்நூலுடன் வைத்தெண்ணத்தக்க மற்றொரு நூல் உண்டு. ஸ்காத்லாந்தில் அபர்தீன் நகரருகே வாழ்ந்து, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இலக்கியம் கற்பித்த நான் ஷெப்பர்ட் அம்மையார், கெய்ர்ன்கோர்ம் மலைகளைப் பற்றி இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் ‘உயிருள்ள மலை’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு சிறு நூல் எழுதினார். பதிப்பிக்க ஆளின்றி முப்பதாண்டளவு அது பெட்டியிற் கிடந்து, 1977-இல்தான் வெளிவந்தது. உறக்கத்துக்கென்றே அதில் ஓரியல் உண்டு. மலைமேல் உறங்கியறியாதவர் மலையை அரைகுறையாகவே அறிந்தவர் என்பது அம்மையார் கருத்து. ஸ்டீவன்சன் மலையைக் கடந்து செல்பவர். அம்மையாரோ வாழ்நாள் முழுதும் அதே மலைக்குத் திரும்பத் திரும்பச் சென்றவர். சிகரத்தை வென்றேன் என்னும் பேச்சே அவரிடமில்லை. மலைச்சாரலில் பாடுபடும் குடிகளுக்கும் ஓரியல் ஒதுக்கினார். வேலைபார்த்துச் சம்பளம் வாங்கிய பெண்ணொருத்தி, விடுமுறை நாட்களில் சென்று கண்டவை அவை. ஆதலின், தனியே மலையேறுதல் சோம்பேறிச் செல்வரின் உடைமை என்னும் வாதத்துக்கு அவர் வாழ்வே மறுப்பாக நிற்கின்றது. ஆனால் சுவையில் ஸ்டீவன்சன் நூலுக்கு அது வேறுபட்டது. அங்கே சிரிப்புக் குறைவு; கழுதை இல்லை; கணக்கும் இல்லை. பொறுமையுடன் படிப்போர்க்கே பயன் தரும்.

இனி நம் முடிவைச் சொல்லுதல் வேண்டும். ஸ்டீவன்சனின் நூல் குற்றமற்றதன்று. கழுதைக்குச் செய்த கொடுமை நகைச்சுவைப் பூச்சால் மறையாது. அஞ்சிய குடியானவனை இகழ்ந்தது பெருந்தன்மையன்று. எனினும், தன் குற்றத்தை வாசகர் கண்டுகொள்ளுமாறு திறந்துவைத்த நூல் இது. தனிமையைத் தேடிச் சென்று மனிதரைக் கண்டு திரும்பிய நூல் இது. இலக்கியமென்று இதனை ஏற்பதில் நமக்குத் தடையில்லை.

இதனை நண்பரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்தக் கீழ்வழியில் பாடிக்கொண்டு போனவன் யார் என்று யாரும் எழுதவில்லையே” என்றார்.

உண்மைதான். அவன் எழுதவில்லை; ஆதலால் அவன் பாட்டு இன்னொருவர் நூலில் ஒரு வரியாக நிற்கின்றது. பாட்டனும் பாட்டியும் விடியுமுன் நடந்த இருளும் அவ்வாறே நிற்கின்றது. பிறர் நூலில் ஒரு வரியாகவும் இல்லாமற்போகும் நிலையும் உண்டு. அவர்கள் எதற்கஞ்சினார்கள், எதைக் கேட்டு நின்றார்கள், தனியே நடக்கையில் வாய்விட்டுப் பாடினார்களா, கைவிளக்கின் வெளிச்சத்தில் முதல்மரம் எப்படித் தோன்றியது, இவையெல்லாம் இன்னும் சிலருடைய நினைவில் உயிருடன் இருக்கின்றன. ஸ்டீவன்சன் போல் விலைச்சீட்டையும் மறைக்காது, யார் சுமந்தார், யார் அடித்தார், யார் கூலி பெறவில்லை என்பதையும் சேர்த்து, அவற்றை எழுதுவோர் நம்முள் எழுதல் வேண்டும். நண்பர் தாம் எழுதிப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றார். அதற்குத் துணையாயிருக்குமென்று ஸ்டீவன்சன் நூலையும் மீண்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.